தேறல்: புளிப்பை வென்ற மது

சங்க நூல்களில் கள்ளுக்கு வழங்கும் பெயர்கள் ஒன்றிரண்டல்ல. கள், நறவு, மட்டு, மது, தோப்பி, பிழி, அரியல், தேறல் என்று நீளும். புலவர்கள் ஓசைக்காக மாற்றி மாற்றிப் போட்டார்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேகம் பஜாரில் முந்திரிப் பருப்பு 240 என்றும் 320 என்றும் முழுசு என்றும் பாதி என்றும் துண்டு என்றும் பல பெயரில் விற்கிறது. தரம் வேறு, விலை வேறு என்பதால்தான் பெயரும் வேறு. ஒரு பண்டத்துக்கு நிறையப் பெயர் இருந்தால், அதை வாங்குகிறவனுக்கு நாக்கு நுட்பமாக இருந்தது என்று அர்த்தம்.

சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே விளங்கும். பிழி என்பது பிழிந்தது. அரியல் என்பது அரித்தது, அதாவது வடிகட்டியது. தேறல் என்பது தேறியது. வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது. நோயாளி தேறிவிட்டான், மாணவன் தேர்வில் தேறினான் என்கிறோமே, அதே தேறுதல்தான். இந்தத் தேறலைச் சொல்லும்போது பல இடங்களில் புலவர்கள் அது நாள்பட்டது, விளைந்தது, முதிர்ந்தது என்று சேர்த்தே சொல்கிறார்கள். இக்கட்டுரை அந்த முதிர்ச்சியைப் பற்றியது.

சமணனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது எங்கள் இல்லறத்தாரின் முதல் ஒழுக்கம். நான் ஒரு துளியும் தொட்டதில்லை. இனித் தொடப்போவதும் இல்லை. ஆனால் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில்லையே! என்னை இதில் இழுத்துவிட்டவர் கடைக்கு வரும் ஒரு முதியவர். கோவாக்காரர், கிறிஸ்தவர். டிசம்பர் வந்தால் நல்ல அக்ரூட்டும் உலர்ந்த அத்தியும் தேடி வருவார். எதற்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். போர்ட் என்னும் பழைய ஒயினோடு சாப்பிட என்றார். கல்லாவில் கூட்டம் இல்லாத நேரம். அரைமணி நேரம் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு மலைபடுகடாமும் புறநானூறும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

முதலில் ஒரு புதிரைச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஹைதராபாத்தில் இது சுலபமாகப் புரியும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. தெலங்கானாவில் அப்படி இல்லை. ஊருக்கு வெளியே போனால் தாடிக் கள்ளும் ஈதக் கள்ளும் (நம் பனங்கள்ளும் ஈச்சங்கள்ளும்தான்) பானையோடு நிற்கும். அந்தப் பானையில் நடப்பது என்ன? பாளை சீவி வடியும் சாறு இனிப்பானது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீராக நிற்கும். தடவாவிட்டால், காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் கள். ஒரு நாளில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு சாராயச் சத்து ஏறும். அதற்கு மேல் வைத்தால் வேறொரு நுண்ணுயிர் காற்றின் துணையோடு புகுந்து அந்தச் சாராயச் சத்தைப் புளிக்காடியாக்கிவிடும். மூன்றாம் நாள் கள்ளைக் குடிப்பவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்!

அப்படியானால் நாள்பட்ட தேறல் என்று ஔவையாரும் மற்றவரும் கொண்டாடியது எது? நாள்பட்டால் காடிதானே கிடைக்க வேண்டும்? மதுவை முதிர வைப்பது என்றாலே அது புளிக்காமல் தடுப்பதுதான். உலகத்தில் யார் பழைய மது செய்திருந்தாலும் இந்த எதிரியை ஏதோ ஒரு வழியில் வென்றிருக்கவேண்டும்.

போர்ச்சுகல்காரர்கள் வென்ற வழி போர்ட். அந்நாட்டின் வடக்கே டோரோ என்ற ஆறு பாய்கிறது. அதன் கரையில் செங்குத்தான கற்பாறைச் சரிவுகளில் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டங்கள். 1703-இல் இங்கிலாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் ஒரு வணிக ஒப்பந்தம் ஆயிற்று. பிரெஞ்சு ஒயினைவிடக் குறைந்த சுங்கத்தில் போர்ச்சுகல் ஒயின் லண்டனுக்குப் போகலாம் என்று ஆனது. வியாபாரம் பெருகினால் கலப்படமும் பெருகும். எங்கள் பஜாரிலும் அதுதான் கதை. 1756-இல் பொம்பால் பிரபு என்ற அமைச்சர், இன்ன எல்லைக்குள் விளைந்ததே போர்ட் என்று கல் நட்டு எல்லை வகுத்தார். உலகில் இவ்வாறு முறையாக எல்லை கட்டிய முதல் ஒயின் நாடுகளில் அது ஒன்று. இந்தியக் கடைகளில் போர்ட் ஒயின் என்ற பெயரில் வெகுகாலமாக விற்றுவந்த இனிப்புச் சரக்குக்கும் அந்த ஆற்றுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

செய்முறை இதுதான். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரை ஏறக்குறைய பாதி தீர்ந்த நேரம் பார்த்து, திராட்சையிலிருந்தே காய்ச்சி இறக்கிய கடும் சாராயத்தை ஊற்றுவார்கள். அதன் வலு நூற்றுக்கு 77. நான்கு பங்கு சாற்றுக்குச் சுமார் ஒரு பங்கு. ஈஸ்ட் அந்த வேகத்தைத் தாங்காமல் மடிந்துவிடும். மிச்சமுள்ள சர்க்கரை அப்படியே தங்கும். மொத்தத்தின் வலு 20-ஐ ஒட்டி நிற்கும். அந்த வலுவில் காடியாக்கும் நுண்ணுயிரும் பிழைக்காது. ஆக இனிப்பும் நிற்கிறது, புளிப்பும் வராது. இனி அதை வருடக்கணக்கில் வைக்கலாம்.

எதில் வைப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று மரப் பீப்பாய். மரத்தின் நுண்துளை வழியே காற்று சொட்டுச் சொட்டாகப் புகும். பத்து, இருபது, முப்பது, நாற்பது ஆண்டு என்று வயது சொல்லி விற்பார்கள். செக்கச்செவேல் என்று இருந்தது வருடம் ஆக ஆகப் பழுப்பேறி, காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்துக்கு வரும். டானி என்று பெயர். அக்ரூட், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல் வாசனை வரும் என்றார் நம் கோவாக்காரர். அதற்குத்தான் அக்ரூட் வாங்குகிறார்! மற்றது புட்டி வழி. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டின் சரக்கை மட்டும் இரண்டு மூன்று ஆண்டுக்குள் புட்டியில் அடைத்து, இருட்டான குளிர்ந்த அறையில் படுக்க வைத்துவிடுவார்கள். இருபது முப்பது வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும். அதற்குள் காற்று அநேகமாகப் போகாது. திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறமும் துவர்ப்பும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாக அடியில் படியும். துவர்ப்பு கழன்று பானம் மென்மையாகும். குடிக்கப் போகிற நாளுக்கு முந்தின நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, வண்டல் கீழே இறங்கியபின், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபடி மெல்லச் சாய்த்து வேறு கண்ணாடிக் குடுவையில் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்வார்களாம். வண்டல் புட்டிக் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

தெளிவை இறுப்பது! இதைக் கேட்டபோதுதான் எனக்குத் தேறல் என்ற சொல் பளிச்சென்று விளங்கியது. நிகண்டு பார்த்து அறிந்த பொருளை அவர் கையைச் சாய்த்துக் காட்டிவிட்டார்.

குடிப்பதும் நம் ஊர் டாஸ்மாக் குடி மாதிரி அல்ல. சின்னக் கிண்ணம். சாப்பாடு முடிந்தபிறகு. வெயில் நாட்டில் சற்றுக் குளிர வைத்து. ஒரு கிண்ணத்தை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்களாம். நீண்ட நாள் புட்டியில் கிடந்த சரக்கைத் திறந்தால் ஓரிரு நாளில் முடித்துவிட வேண்டும், காற்றுப் பட்டால் மணம் போய்விடும். பீப்பாயில் முதிர்ந்ததோ ஏற்கெனவே காற்றோடு பழகியது. சில வாரம் தாங்கும்.

இதற்கு அண்ணன் ஒருவன் உண்டு: மதேரா. அட்லாண்டிக் தீவு ஒன்றின் பெயர் அது. இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் அங்கே நின்று பீப்பாய் ஏற்றிக்கொள்ளும். வெப்பக் கடலைக் கடந்து மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் வெந்து குலுங்கிய ஒயின் கெட்டுப்போகாமல் முன்னைவிட நன்றாக இருந்தது! அதனால் விற்காமல் திரும்பிப் போன பீப்பாய்க்குத் தனி மதிப்பு. பிறகு கப்பலில் அனுப்பாமலே சூடான கொட்டிலில் வைத்து அதே பலனை உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் கோட்டியில் மகளிர் கல்லூரியாகப் பலருக்குத் தெரிந்த பழைய ரெசிடென்சி மாளிகை எழுந்த 1800-களின் தொடக்கத்தில், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் மேசையில் மதேரா இல்லாத விருந்து அரிது.

சரி, நம்மவர்களிடம் திரும்புவோம். சங்க காலத்துப் பாடல்களில் சாராயம் காய்ச்சி இறக்கும் வேலை தெரியவில்லை. ஆகவே போர்ச்சுகல் வழி அவர்களுக்கு இல்லை. பின் எப்படி வென்றார்கள்?

கபிலர் பாரியின் பறம்பைப் பாடிய புறநானூற்று 120-ஆம் பாட்டில், மண்ணில் புதைத்து முதிரவைத்த தேறல், புல் வேய்ந்த குடிசைகளில் வீடு தவறாமல் கிடைத்தது என்கிறார். சாடியை வாய்கட்டிப் புதைத்தால் இரண்டு லாபம். காற்று போகாது, வெயிலின் ஏற்ற இறக்கமும் படாது. டோரோக்காரனின் இருட்டறை செய்வதும் அதுவேதான். இன்னொன்று மூங்கில். ஆய் அண்டிரனைப் பாடிய ஏணிச்சேரி முடமோசியார் (புறம் 129), குறவர்கள் மூங்கிலில் முதிர்ந்த தேறலைக் குடித்து வேங்கை மரத்து முற்றத்தில் குரவை ஆடுவதைச் சொல்கிறார். திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாமிலும் இதே மூங்கில் வருகிறது. இரண்டு கணுவுக்கு இடைப்பட்ட மூங்கில் குழாய் இயற்கை செய்த பீப்பாய். ஒரு துளையிட்டு ஊற்றி அடைத்துவிட்டால் போதும்.

ஆனால் அடைப்பு மட்டும் போதாது, சரக்கும் வலுவாக இருக்கவேண்டும். இங்கேதான் தேக்கள் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தேன் சேர்ந்த கள். திருமுருகாற்றுப்படை, மலைபடுகடாம் இரண்டிலும் மூங்கிலில் விளைவது இதுதான். வெறும் பனங்கள் அல்ல. தேனில் சர்க்கரை மிகுதி. மிகுதியான சர்க்கரையில் நொதித்தால் சாராயச் சத்து பனங்கள்ளைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். ஏறினால் காடியாகத் தாமதமாகும். இனிப்பும் கொஞ்சம் மிஞ்சும். மண்ணுக்கடியில் இருந்ததோ மூங்கிலுக்குள் இருந்ததோ, மலைநாட்டுப் பாட்டுகளில்தான் முதிர்ந்த தேறல் அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தேன் அங்கேதான் கிடைக்கும். இது என் ஊகம்தான்; ஆனால் பொருந்துகிற ஊகம்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் ஒரு வேடிக்கை சொல்கிறார். மலைப்பாறைச் சுனையில் மிளகு உதிர்ந்து கிடக்கிறது. மாங்கனி விழுகிறது, தேனடை உடைந்து வழிகிறது, பலாப்பழம் நெகிழ்ந்து கலக்கிறது. எல்லாம் சேர்ந்து தானாகவே தேறல் ஆகிவிட்டது. தண்ணீர் என்று நினைத்துக் குடித்த மயில், கயிற்றின் மேல் ஆடுகிறவளைப் போலத் தள்ளாடுகிறது. பழம், தேன், காரம் என்று செய்முறைக் குறிப்பே போல அடுக்கியிருக்கிறார். மிளகு வியாபாரி யாராவது அருகில் இருந்து சொல்லியிருப்பாரோ என்று நான் நினைப்பதுண்டு.

எல்லா மதுவும் முதிர்ந்தது என்று எண்ணவேண்டாம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் அரிசிக் கள் வேறு வகை. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆறவிட்டு, முளைநெல் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் சாடியில் பச்சை வாடை போக விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிவார்கள். முளைநெல் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். பீர் செய்வோர் இன்றும் முளைவிட்ட பார்லியைப் போடுவது அதற்குத்தான். இது அன்றன்றைக்குக் குடிப்பது, புதைத்து வைப்பதல்ல. பெயரும் பிழி, அரியல் என்றே வருகிறது. சொல்லில் அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள்.

முதிர்ந்ததன் வேகத்தையும் மறைக்கவில்லை. ஔவையார் (புறம் 392) அதைத் தேள் கொட்டும் கடுப்புக்கு ஒப்பிடுகிறார். சிறுபாணாற்றுப்படை சீறும் பாம்பை நினைக்கிறது. பாராட்டும் எச்சரிக்கையும் ஒரே உவமையில்!

மூன்றாவதாகக் கடல் கடந்து வந்த சரக்கு. புறம் 56-இல் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் நாள்தோறும் ஊட்ட வாழ்க என்று வாழ்த்துகிறார். கலம் என்றால் பாத்திரம்; மரக்கலமும் ஆகும். பழைய உரைகாரர் குப்பி என்று எழுதினார். மண் தந்த சான்று வேறு. 1945-இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ஆம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிற்பாடு எலிசபெத் வில் என்ற அம்மையார் அவற்றை ஆராய்ந்து, கிரேக்கத் தீவான கோஸ் சார்ந்த ஒயின் சாடிகளும் அவற்றுள் உண்டு என்று கண்டார். கேரளத்துப் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்விலும் சாடி உடைசல் ஏராளம். செங்கடல் வழி வணிகக் குறிப்பான பெரிபுளுஸ் முசிறிக்கு ஒயின் வந்தது, ஆனால் அதிகமில்லை என்கிறது. அதிகமில்லாததால்தான் அது பாண்டியன் கிண்ணத்துக்கு மட்டும் போயிற்று.

யவனர் எப்படிப் புளிப்பை வென்றார்கள்? சாடியின் உட்புறம் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசினார்கள். கோஸ் வகை ஒயினில் கடல்நீரே கலப்பார்கள். உப்பும் பிசினும் காவல். நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு உப்பு செய்யும் வேலைதான்.

இப்போது சொல்லவந்த விஷயம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "தாத்தா, தேறல்னா தேன்தானே? என் புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு." வாங்கிப் பார்த்தேன். பாடலை எளிமைப்படுத்திய ஏதோ ஒரு சிறுவர் நூல். தேறலுக்குத் தேன் என்றும், இன்னொரு பக்கத்தில் பழச்சாறு என்றும் இருந்தது. எழுதியவருக்கு நல்லெண்ணம்தான், குழந்தைகளிடம் கள் என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். முன்னோர் என்றால் மாசு மறுவற்றவராகக் காட்டவேண்டும் என்று ஓர் ஆசை. இதற்கு எதிர்ப்பக்கம் வேறு சிலர், ஔவையே குடித்தாள், நமக்கென்ன என்று விருந்துகளில் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் கையில் இருப்பது தேறல் இல்லை என்பது வேறு விஷயம்!

மதுவை விலக்கிய எங்கள் முன்னோர் அந்தச் சொல்லை மறைக்கவில்லை. இளங்கோவடிகள் துறவி. அவர் காட்டும் புகார் மருவூர்ப்பாக்கத்தில் உப்பு விற்பவருக்கும் மீன் விற்பவருக்கும் நடுவே கள் விற்கும் பெண்களும் இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்ப் பொருள் கேட்டார். காதல், விருந்து எல்லாம் நிறைந்த அந்தக் காவியத்தை அவர்கள் கூச்சப்படாமல் பரம்பரையாகப் படித்துவந்ததால்தான் அவருக்குச் சொல்ல முடிந்தது.

விலக்குவதற்கு எங்கள் நூல்கள் சொல்லும் காரணமும் பொருளை அறிந்த காரணம்தான். அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில், மது எண்ணற்ற உயிர்கள் பிறக்கும் இடம், அதைக் குடிப்பவன் அவற்றைக் கொல்கிறான் என்கிறார். ஈஸ்டைப் பாஸ்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் மார்தட்ட மாட்டேன். அவர் பேசியது அறம், ரசாயனம் அல்ல. ஆனால் புளிக்கும் பானையில் ஏதோ உயிர்த்து இயங்குகிறது என்று கவனித்துப் பார்த்தவர் சொல்லும் பேச்சு அது. தேன் என்று பொருள் எழுதி மூடியவர் சொல்லக்கூடியது அல்ல. தவிர, தேனும் எங்களுக்கு விலக்கு. ஆகவே அந்தப் பொழிப்புரையால் எனக்கு ஒரு லாபமும் இல்லை!

மதுரைக்காஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்குடி மருதனார் நிலையாமை சொல்லவந்த பாட்டு அது. மதுரை நகரைச் சுற்றிக் காட்டும்போது அமணர் பள்ளிக்கு உள்ளேயும் அழைத்துப் போகிறார். செம்பால் செய்தது போன்ற சுவர், குளிர்ந்த இடம், முக்காலமும் உணர்ந்த துறவிகள், பூவும் புகையும் கொண்டு வழிபடும் சாவகர். எங்களைப் பற்றிய பழைய சித்திரங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே. அதே பாட்டு முடியும்போது நெடுஞ்செழியனிடம், பொற்கலத்தில் மகளிர் தரும் மணமுள்ள தேறலை அருந்தி நாளும் மகிழ்ந்திரு என்கிறது. பள்ளியும் தேறலும் ஒரே ஊரில், ஒரே பாட்டில். புலவர் ஒன்றுக்காக மற்றொன்றை அழிக்கவில்லை.

அந்தக் குழந்தையின் புத்தகத்தில் தேன் என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்: "தேறல் - வடித்துத் தெளியவைத்து, நாள்பட முதிர்ந்த கள்." அவள் அடுத்த கேள்வி கேட்டாள்: "புளிக்காதா தாத்தா?" மேலே எழுதியதெல்லாம் அந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான். விடுமுறைக்குப் புதுச்சேரி போகும் அன்பர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல் அங்குள்ள அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அரிக்கமேட்டுச் சாடிகளின் உடைசல்களை அங்கே பார்க்கலாம்.